5 பைசாவும் 710 ரூபாயும்: சின்னச் சேமிப்புக்கு என்பிஎஸ் உண்மையிலேயே மலிவா?

திருப்பூரில் ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: "என்பிஎஸ் போடுங்க, உலகத்துலயே செலவு கம்மியான பென்ஷன் திட்டம் அதுதான்." பேங்க்கில் சொல்கிறார்கள், யூட்யூபில் சொல்கிறார்கள், ஆடிட்டர் ஆபீஸில் சொல்கிறார்கள். அந்த வாக்கியம் பொய் கிடையாது. ஆனால் அது யாருக்கு உண்மை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மாசம் 500 ரூபாய் ஒதுக்க முடிகிற ஓவர்லாக் டெய்லருக்கும், வருஷம் 50,000 போடுகிற மெர்ச்சண்டைசருக்கும் ஒரே பதில் பொருந்துமா? கட்டண அட்டவணைகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதில் நன்றாகவே வேறுபடுகிறது.

சதவீதத்தில் ஒரு விலை, ரூபாயில் ஒரு விலை

முதலில் கொஞ்சம் பழைய கதை. அரசு ஊழியர்களுக்கு 2004 ஜனவரியில் வந்த என்பிஎஸ், 2009 மே 1 அன்று எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அப்போது எல்லோரும் வியந்து பேசியது நிதி நிர்வாகக் கட்டணத்தைத்தான்: ஆண்டுக்கு 0.0009 சதவீதம். 6,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் 5 பைசாவும் கொஞ்சமும். உலகில் எங்கேயும் கேள்விப்படாத விலை.

ஆனால் அது பணத்தை முதலீடு செய்யும் வேலைக்கான கூலி மட்டும்தான். கணக்கைப் பதிந்து வைக்கும் நிறுவனத்துக்கு (சிஆர்ஏ என்பார்கள்) தனிக் கட்டணம், பணத்தை வாங்கி அனுப்பும் வங்கிக்குத் தனிக் கட்டணம். 2009இல் கணக்குப் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 350 ரூபாய். ஒவ்வொரு முறை பணம் போடும்போதும் சிஆர்ஏவுக்கு 10 ரூபாய், வங்கிக்கு 20 ரூபாய். அன்றைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 6,000 ரூபாய் போட வேண்டும். அதை மாசம் 500 என்று போட்டவருக்கு 350 + 120 + 240, மொத்தம் 710 ரூபாய். வரி தனி.

6,000இல் 710 என்றால் கிட்டத்தட்ட 12 சதவீதம். விளம்பரத்தில் 5 பைசா, பாஸ்புக்கில் 710 ரூபாய். இரண்டுமே உண்மை. முதலாவது சதவீதத்தில் சொன்ன விலை, இரண்டாவது ரூபாயில் எடுத்த விலை. பெரிய தொகை வைத்திருப்பவருக்குச் சதவீத விலைதான் முக்கியம். சின்னத் தொகை வைத்திருப்பவரைத் தின்பது ரூபாய் விலை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான கணக்கு.

இன்றைய அட்டவணை

"அது பழைய கதைங்க, இப்ப கட்டணம் எல்லாம் குறைஞ்சு போச்சு" என்பீர்கள். நிஜம்தான். பராமரிப்புக் கட்டணம் படிப்படியாக இறங்கி, பெரிய சிஆர்ஏவான புரோட்டீனில் 69 ரூபாய் வரை வந்தது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 3 ரூபாய் 75 காசு. 2025 அக்டோபர் 1 முதல் ஒழுங்காற்று ஆணையமான பிஎஃப்ஆர்டிஏ புதிய அட்டவணை கொண்டுவந்தது. பரிவர்த்தனைக் கட்டணம் போய்விட்டது. பராமரிப்புக் கட்டணம் இருப்புத் தொகையைப் பொறுத்து அடுக்கடுக்காக வந்தது: 2 லட்சம் வரை 100 ரூபாய், 10 லட்சம் வரை 150, 25 லட்சம் வரை 300, 50 லட்சம் வரை 400, அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 500. இருப்பே இல்லாத கணக்குக்குக் கட்டணம் கிடையாது.

பார்த்தவுடனே நியாயமாகத்தான் தெரிகிறது. இருக்கிறவன் கூடக் கொடுக்கிறான், இல்லாதவன் குறைவாகக் கொடுக்கிறான். சதவீதமாக மாற்றிப் பாருங்கள்:

– இருப்பு 2,000 ரூபாய் என்றால் 100 ரூபாய் என்பது 5 சதவீதம்
– 10,000 என்றால் 1 சதவீதம்
– 50,000 என்றால் 0.2 சதவீதம்
– 2 லட்சம் என்றால் 0.05 சதவீதம்
– 1 கோடி என்றால், 500 ரூபாய் கட்டினாலும், 0.005 சதவீதம்

2,000 ரூபாய்க்காரர் கோடி ரூபாய்க்காரரைவிட ஆயிரம் மடங்கு அதிக விகிதத்தில் கொடுக்கிறார். முதல் அடுக்கே 2 லட்சம் வரை நீள்வதுதான் இதில் பிரச்சினை. பனியன் கம்பெனித் தொழிலாளி பல வருஷம் அந்த முதல் அடுக்குக்குள்ளேயேதான் இருப்பார்.

இன்னொன்று. புதிய முறையில் லாபம் யாருக்கு? மாசாமாசம் போட்டவர் புரோட்டீனில் முன்பு 69 + 45 = 114 கொடுத்தார், இப்போது 100. அவருக்கு 14 ரூபாய் மிச்சம். வேலை போய், பணம் போட முடியாமல் நிறுத்திவிட்டவர் முன்பு 69 கொடுத்தார், இப்போது 100. அவருக்கு 31 ரூபாய் கூடுதல். யாருக்கு உதவி தேவையோ அவருக்குத்தான் விலை ஏறியிருக்கிறது.

வங்கிப் பக்கத்தையும் சேர்க்க வேண்டும். 2022 பிப்ரவரியில் வந்த விதிப்படி, வங்கி போன்ற சேவை மையம் மூலம் போட்டால் தொகையில் 0.50 சதவீதம் வரை, ஆனால் குறைந்தது 30 ரூபாய். நீங்களே ஆன்லைனில் இஎன்பிஎஸ் வழியாகப் போட்டால் 0.20 சதவீதம், குறைந்தது 15 ரூபாய். அந்தக் "குறைந்தது" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 500 ரூபாய்க்கு 15 ரூபாய் என்றால் 3 சதவீதம். 0.20 சதவீதம் என்ற விலை உங்களுக்கு உண்மையாக வேண்டுமென்றால் ஒரே முறையில் 7,500 ரூபாய் போட வேண்டும்.

ஆக, ஆண்டுக்கு 6,000 போடுகிறவரின் இன்றைய கணக்கு, 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து:

– வங்கியில் மாசம் 500 வீதம்: சுமார் 543 ரூபாய், அதாவது 9 சதவீதம்
– ஆன்லைனில் மாசம் 500 வீதம்: சுமார் 330 ரூபாய், 5.5 சதவீதம்
– ஆன்லைனில் ஆண்டுக்கு ஒரே தடவை 6,000: சுமார் 136 ரூபாய், 2.3 சதவீதம்

வங்கி மூலம் கணக்குத் தொடங்க முதலில் ஒரு முறை கட்டும் 200 முதல் 400 ரூபாய் இதில் சேரவில்லை.

"சிறுகச் சிறுக, மாசாமாசம் போடு" என்றுதான் எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். கட்டண அட்டவணையோ நேர் எதிராகச் சொல்கிறது: சிறுகப் போட்டால் அபராதம். திருப்பூரில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. தீபாவளி போனஸ் வந்தவுடன் ஒரே தடவையாகப் போட்டுவிட்டால் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் போனஸ் பணம் யார் வீட்டில் அப்படியே நிற்கிறது? சீட்டுப் பாக்கி, ஊருக்குப் போகிற செலவு, துணிமணி என்று ஒரு வாரத்தில் கரைகிற பணம் அது.

நின்றுபோன கணக்குக்கு என்ன ஆகும்

இந்தத் திட்டங்கள் எல்லாம் ஒரு மனிதரை மனதில் வைத்து எழுதப்பட்டவை: மாசம் 1ஆம் தேதி சம்பளம் வாங்குகிறவர், 30 வருஷம் இடைவிடாமல் வேலை பார்க்கிறவர். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட், இல்லாவிட்டால் வாரத்தில் மூன்று நாள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020இல் ஊரடங்கு. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி வந்தது. 15 வருஷத்துக்குள் மூன்று பெரிய அடி. நடுவில் நூல் விலை ஏறியதால் நின்றுபோன வாரங்கள் தனி. இங்கே சேமிப்பு நின்றுபோவது விதிவிலக்கு இல்லீங்க, அதுதான் வழக்கம்.

அதனால் "தொடர்ந்து போட்டால் எவ்வளவு கிடைக்கும்" என்று கேட்பதைவிட "பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்" என்று கேட்பதுதான் இந்த ஊருக்குப் பொருத்தம்.

என்பிஎஸ்ஸில் 500 ரூபாய் போட்டுக் கணக்குத் தொடங்கிவிட்டு ஒருவர் மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலீடு ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்கிறது, பராமரிப்பு வரியோடு 118 ரூபாய். முதல் வருஷம் 40 ரூபாய் ஏறும், 118 இறங்கும். இப்படியே போனால் 6ஆம் ஆண்டில் கணக்கில் ஒன்றும் இருக்காது. 1,000 ரூபாய் போட்டு நிறுத்தியிருந்தால் 15ஆம் ஆண்டில் தீரும். 8 சதவீத வளர்ச்சியில் 1,475 ரூபாய்தான் எல்லைக்கோடு. அதற்கு மேல் இருந்தால் ஆமை வேகத்தில் வளரும், கீழே இருந்தால் கரையும்.

இதையே தபால் நிலைய பிபிஎஃப் கணக்கில் செய்திருந்தால்? அங்கும் ஆண்டுக்குக் குறைந்தது 500 போட வேண்டும். தவறினால் கணக்கு முடங்கும், மீட்க வேண்டுமென்றால் தவறிய ஒவ்வொரு வருஷத்துக்கும் 50 ரூபாய் அபராதமும் அந்த வருஷத்து 500 ரூபாயும் கட்ட வேண்டும். ஆனால் பராமரிப்பு என்று பைசா எடுப்பதில்லை. மீட்காமலே விட்டாலும், போட்ட பணத்துக்கு வட்டி ஏறி முதிர்வில் கைக்கு வரும். 2020 ஏப்ரலில் இருந்து இருக்கும் 7.1 சதவீதமே நீடித்தால், மறந்துபோன 500 ரூபாய் 15 வருஷத்தில் சுமார் 1,400 ஆகும். ஒரே ஆள், ஒரே மறதி. ஓரிடத்தில் பூஜ்யம், இன்னோரிடத்தில் 1,400.

பிஎஃப் வேண்டாம் என்பவர்களுக்கு

தானாகப் போடும் கணக்குகளைப் பேசும்போது பிஎஃப் பற்றிப் பேசாமல் போவது சரியாகாது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களில் பிஎஃப் கட்டாயம். ஆனாலும் "பிஎஃப் பிடிக்காதீங்க, முழுசா கையில கொடுங்க" என்று கேட்கும் தொழிலாளர்கள் ஏராளம். அதைச் சாதகமாக எடுத்துக்கொள்ளும் காண்ட்ராக்டர்களும் உண்டு. பிறகு யாரோ சொன்னார்கள் என்று அதே ஆட்கள் தனியாக என்பிஎஸ் தேடிப் போவார்கள்.

செலவை மட்டும் வைத்துப் பார்த்தால் இது தலைகீழான முடிவு. பிஎஃப்புக்குக் கணக்குக் கருதப்படும் சம்பளம் 12,000 என்றால் உங்களிடமிருந்து 1,440, நிறுவனத்திடமிருந்து 1,440. நிறுவனப் பங்கில் சுமார் 1,000 ஓய்வூதிய நிதிக்கும், 440 உங்கள் பிஎஃப்புக்கும் போகிறது. நிர்வாகக் கட்டணமான 0.50 சதவீதத்தை நிறுவனம் தனியாகக் கட்டுகிறது, உங்கள் கணக்கிலிருந்து எதுவும் போகாது. 2023-24க்கும் 2024-25க்கும் வட்டி 8.25 சதவீதம். தானாகப் போடும் எந்தக் கணக்கும் முதல் நாளிலேயே இவ்வளவு கூடுதல் பணத்தைத் தராது.

அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்துவிடக் கூடாது. பிஎஃப்பின் செலவு வேறு உருவத்தில் வருகிறது. ஆதாரில் ஒரு பெயர், கம்பெனிப் பதிவில் இன்னொரு எழுத்து; பிறந்த தேதி ஒத்துவராது; பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் போடவில்லை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் ஊருக்குப் போன பிறகு இதையெல்லாம் எங்கிருந்து திருத்துவார்? இரண்டு நாள் ஷிப்ட் போய், ஏஜெண்ட்டுக்குக் காசு கொடுத்து எடுக்கிற பணம் அது. கட்டண அட்டவணையில் இல்லாத கட்டணம். பலர் விஷயத்தில் நிறுவனப் பங்கும் பேசிய கூலிக்குள்ளேயே கழிக்கப்படுகிறது. ஓய்வூதிய நிதிக்குப் போகும் பகுதியில் மாதப் பென்ஷன் வேண்டுமென்றால் 10 வருஷச் சேவை வேண்டும். குறைந்தபட்சப் பென்ஷன் 2014இலிருந்து 1,000 ரூபாயிலேயே நிற்கிறது.

இவ்வளவையும் சேர்த்து நிறுத்தாலும், பிஎஃப் கிடைக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர் அதை விட்டுவிட்டு என்பிஎஸ் போடுவதற்குச் செலவுக் காரணம் ஒன்றுகூட இல்லை. யூஏஎன் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கம்பெனி மாறும்போது பெயரையும் தேதியையும் அப்போதே சரிபார்த்துவிட்டால் பாதிச் செலவு குறையும்.

பவர் டேபிளில் இருப்பவர்கள்

பத்து மெஷின் போட்ட பவர் டேபிள் யூனிட், வீட்டில் பிசிர் வெட்டும் பெண்கள், காஜா பட்டன் கடை: இவர்களுக்கு பிஎஃப் கிடையாது. இங்கேதான் தானாகப் போடும் கணக்கு தேவைப்படுகிறது.

அடல் பென்ஷன் யோஜனா 2015இல் தொடங்கியது. 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும், 2022 அக்டோபரிலிருந்து வருமான வரி கட்டுபவர்கள் சேர முடியாது. 30 வயதில் சேர்ந்தால் 5,000 ரூபாய் பென்ஷனுக்கு மாசம் 577 ரூபாய். பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு வெறும் 15 ரூபாய். செலவில் இதை அடிக்க முடியாது. குறை வேறு இடத்தில்: அந்த 5,000 விலைவாசியோடு ஏறாது. ஆண்டுக்கு 5 சதவீத விலையேற்றம் என்று வைத்தால், 30 வருஷம் கழித்து வரும் 5,000 இன்றைய 1,160 ரூபாய்க்குச் சமம். இதையும் செலவுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும்.

பிரதமர் ஷ்ரம் யோகி மான்தன் 2019இல் வந்தது. மாத வருமானம் 15,000க்குள் இருக்கும் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மட்டும். 29 வயதில் சேர்ந்தால் நீங்கள் 100, அரசு 100. 60 வயதில் மாசம் 3,000. அதுவும் விலைவாசியோடு ஏறாது.

என்பிஎஸ்ஸின் பக்கம் இருக்கும் நியாயம்

ஒருதலையாக எழுதக் கூடாது. ஆண்டுக்கு 6,000 வீதம் ஐந்து வருஷம் ஒருவர் தாக்குப்பிடித்துவிட்டால் இருப்பு சுமார் 36,000 ஆகிவிடும். அதில் 118 ரூபாய் என்பது 0.33 சதவீதம்தான். லட்சத்தைத் தாண்டினால் பேசவே வேண்டாத அளவு. பங்குச் சந்தையில் கொஞ்சம் பணம் இருப்பதால் 25, 30 வருஷத்தில் பிபிஎஃப்பைத் தாண்ட நல்ல வாய்ப்பு உண்டு. சின்ன இருப்புக்கு முன்பு இருந்த இன்னொரு தொல்லையும் குறைந்திருக்கிறது. 60 வயதில் மொத்தத்தையும் கையில் வாங்க முடிகிற வரம்பு 2 லட்சமாக இருந்தது; 2021இல் 5 லட்சம் ஆகி, 2025 டிசம்பரில் 8 லட்சம் ஆனது. அதற்குள் இருப்பவர் கட்டாயமாக ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்க வேண்டியதில்லை.

ஆக, தொடர்ந்து போட முடியும் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு என்பிஎஸ் மலிவுதான். என் குறை, அந்த உறுதி இல்லாதவருக்கும் அதே வாக்கியத்தைச் சொல்லி விற்பதில்.

மாற்ற முடியாததா?

"ஒரு கணக்கைப் பதிந்து வைக்க ஆகும் செலவு 500 ரூபாய்க்கும் 5 லட்சத்துக்கும் ஒன்றுதானே" என்று ஒரு வாதம் உண்டு. சரியான வாதம்தான். ஆனால் அதே சிஆர்ஏ அமைப்புதான் அடல் பென்ஷன் கணக்கை 15 ரூபாய்க்குப் பராமரிக்கிறது. அங்கே முதலீட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது, சேவைகளும் குறைவு. இருக்கட்டும். 500 ரூபாய் போட்டு நின்றுபோன கணக்கு மட்டும் அதைவிட என்ன சேவையைக் கேட்டுவிடப் போகிறது?

மற்ற நாடுகள் இதைக் கவனித்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2019 ஜூலை முதல், 6,000 டாலருக்குக் கீழே இருக்கும் ஓய்வுக்காலக் கணக்கில் ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் கட்டணம் எடுக்க முடியாது. பிரிட்டனில் 2022 ஏப்ரல் முதல், நிறுவனங்கள் தானாகச் சேர்க்கும் திட்டங்களின் இயல்புநிலை நிதியில் 100 பவுண்டுக்குள் இருக்கும் கணக்குகளில் நிலையான கட்டணமே எடுக்கக் கூடாது.

நம் ஊரிலும் 3 சதவீதம் என்று ஓர் உச்சவரம்பு வைத்தால் 2,000 ரூபாய் கணக்கு 118க்குப் பதில் 60 கொடுக்கும். 500 ரூபாய் கணக்கு 15 கொடுக்கும், அதாவது அடல் பென்ஷன் கணக்கு கொடுக்கிற அதே 15. அதிகபட்சமாக 3,900 ரூபாய் இருப்பு வரைக்கும்தான் இந்த வரம்பு வேலை செய்யும். அதற்கு மேல் இப்போதைய 100 ரூபாயே போதும். மேலடுக்கில் கோடி ரூபாய் வைத்திருப்பவர் இன்னும் சில பத்து ரூபாய் கொடுத்தால் அவருக்கு அது தெரியக்கூடப் போவதில்லை.

அது நடக்கிற வரை, யாராவது என்னிடம் கேட்டால் நான் சொல்லும் வரிசை இதுதான். பிஎஃப் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காதவர், வேலை நிலையில்லாதவர், அடல் பென்ஷனில் ஒரு சின்னத் தொகையும் பிபிஎஃப்பில் ஆண்டுக்கு 500 ரூபாயும் என்று ஆரம்பியுங்கள். நின்றுபோனாலும் பெரிதாகக் கரையாது. கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் நிற்க ஆரம்பித்து, ஆண்டுக்கு ஏழு, எட்டாயிரம் ஒரே தடவையாக ஒதுக்க முடிகிறபோது என்பிஎஸ் பக்கம் போகலாம். அப்போது "செலவு கம்மி" என்ற அந்த வாக்கியம் உங்களுக்கும் உண்மையாகியிருக்கும்.